கடைக் கதவும் ரூட்டர் கதவும்



நம் முன்னோர் மலாக்காவில் கடை வைத்த நாளில், இரவு கடை கட்டும்போது பலகைகளை எண் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டி, குறுக்குத் தண்டைப் போட்டு, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்த பின்னரே வீட்டுக்குப் புறப்படுவார்கள். இன்று நாம் ஷட்டரை இறக்கிப் பூட்டுகிறோம். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் விளக்கு மின்னிக் கொண்டிருக்கும் ரூட்டர் என்னும் சிறு பெட்டியும் ஒரு கதவே என்பதை நம்மில் அனேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை அமைப்பது எப்படி, பூட்டுவது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டெலிகோம் மலேசியா நிறுவனம் யூனிஃபை என்னும் கண்ணாடியிழை இணைப்பைத் தொடங்கியது. அதன் பின் வீட்டுக்கும் கடைக்கும் ரூட்டர் வந்து சேர்ந்தது. சரக்கு ஆர்டர், வங்கிக் கணக்கு, கடைக் காமிரா, பிள்ளைகளின் பாடம் யாவும் இப்பொழுது அதன் வழியாகவே போய் வருகின்றன.

முதலில் என் தவற்றைச் சொல்லி விடுகிறேன். வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கட்டுமென்று வைஃபையின் ரகசியச் சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். சில மாதங்களில் மாலை வேளைகளில் இணைப்பு நத்தையாய் ஊர்ந்தது. என்னிடம் வேலை பார்த்த தம்பி ஒருவர் ஓயாமல் படம் பார்ப்பதால்தான் இப்படி என்று முடிவு கட்டி, நாலு பேர் முன்னிலையில் கேட்டு விட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மாதக் கடைசியில் கணக்கு முடித்துக் கொண்டு போய் விட்டார். பிறகு என் மகன் ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினான். அதில் 14 கருவிகள் சேர்ந்திருந்தன. என்னுடையவை ஐந்து. மற்ற ஒன்பதும் நான் அறியாதவை. தம்பியைத் தேடிப் போய் மாப்புக் கேட்டேன், மாப்புத் தந்தார். ஆனால் கடைக்குத் திரும்பி வரவில்லை. பூட்டாத கதவு திருடனுக்கு வழி விடுவதோடு நில்லாமல், குற்றமற்ற ஒருவர் மேல் நம்மைச் சந்தேகம் கொள்ளவும் செய்கிறது. இது எனக்குக் கிடைத்த படிப்பினை.

ரூட்டருக்குப் பூட்டுகள் இரண்டு என்பதை முதலில் அறிய வேண்டும். ஒன்று வைஃபையில் சேருவதற்கான ரகசியச் சொல். மற்றது ரூட்டரின் அமைப்பையே மாற்றுவதற்கான அட்மின் ரகசியச் சொல். முதற் பூட்டைப் பலரும் மாற்றுகிறார்கள். இரண்டாவதை விட்டு விடுகிறார்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் பெயரும் ‘அட்மின்’, ரகசியச் சொல்லும் ‘அட்மின்’ என்றே இருக்கும். இது ஊரறிந்த சாவி.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது எங்கே இருக்கிறதென்று வழி கேட்டுச் சொல்லும் வேலை ரூட்டருடையது. அந்த வழியை ஒருவன் மாற்றி விட்டால் நாம் கேட்ட இடத்துக்குப் பதிலாக வேறிடம் போய்ச் சேருவோம். டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் கெட்ட நிரல் இதைத்தான் செய்தது. 40 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் வழியை மாற்றிய அது, மாற்றப்படாத ரகசியச் சொல் உள்ள ரூட்டர்களிலும் புகுந்தது. 2011 நவம்பரில் எஸ்தோனியா நாட்டில் ஆறு பேர் பிடிபட்டனர். அவர்கள் சம்பாதித்தது சுமார் 1 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர். 2016-இல் மிராய் என்ற வேறொரு நிரல், ஆலையில் வைத்த அறுபது சொச்சம் ரகசியச் சொற்களைக் கொண்டே காமிராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து, அவற்றின் பலத்தால் அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களை முடக்கியது. தங்கள் பெட்டி பிறருக்குத் தீங்கு செய்வதை உடையவர்கள் அறியவேயில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. இடம்: நம் பழைய கடைவீடுகள் நீளமானவை, சுவர் தடித்தவை. ஆகவே ரூட்டரை வாசலில் வைக்காமல் நடுவில், மார்பளவு உயரத்தில் வையுங்கள். இரும்பு அலமாரியும் குளிர்ப்பெட்டியும் அருகில் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் தளரும். இடி மின்னல் நேரத்தில் மின்செருகியைக் கழற்றி விடுங்கள்.

2. அட்மின் பூட்டு: வைஃபையில் சேர்ந்த கைப்பேசியின் பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். சரியான எண் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அட்மின் ரகசியச் சொல்லை உடனே மாற்றுங்கள்.

3. வைஃபை பூட்டு: டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 முறையைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறை 2001-லேயே உடைக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமான ரகசியச் சொல் வையுங்கள். கடைத் தொலைபேசி எண்ணும் பிறந்த தேதியும் ஆகா.

4. விருந்தினர் வாசல்: வாடிக்கையாளருக்கு ‘கெஸ்ட்’ என்னும் தனி இணைப்பைத் திறந்து விடுங்கள். கணக்கு பார்க்கும் கணினி நம் இணைப்பில் மட்டுமே இருக்கட்டும்.

5. அடைக்க வேண்டியவை: டபிள்யூ.பி.எஸ். என்னும் பொத்தான் வசதியையும், வெளியூரிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதியையும் நிறுத்தி விடுங்கள்.

6. புதுப்பித்தல்: ஃபர்ம்வேர் என்னும் உள்நிரலுக்குத் திருத்தம் வந்தால் ஏற்றுங்கள். திருத்தம் வருவது நின்று போன பெட்டியை மாற்றி விடுவதே நல்லது.

7. மாதக் கணக்கு: வாடகை கொடுக்கும் நாளில், எத்தனை கருவிகள் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வேலையாள் ஒருவர் விலகினால் இரண்டு ரகசியச் சொற்களையும் மாற்றுங்கள். இது அவரை அவமதிப்பதாகாது. பின்னால் ஏதும் நேர்ந்தால் அவர் மேல் பழி விழாமல் காப்பதாகும்.

கம்பி எட்டாத எஸ்டேட்டில் சிம் கார்டு ரூட்டர் வைத்திருப்போருக்கும் இவையே பொருந்தும். ஒன்று மட்டும் கவனிக்க: நம் நாட்டில் 3ஜி சேவை 2021 முடிவோடு நிறுத்தப்பட்டது. ஆகையால் மலிவாகக் கிடைக்கிறதென்று 3ஜி மட்டும் உள்ள பழைய பெட்டியை வாங்கி ஏமாற வேண்டாம்.

வங்கிப் பக்கத்தில் எச்சரிக்கை தோன்றினால் அதைத் தள்ளி விட்டு உள்ளே போகாதீர்கள். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதியாமல் 997 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அறிவியுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரிந்த பாடம். நம் கடைக் கணினியில் பற்று வைத்தவர்களின் பெயரும் கணக்கும் இருக்கின்றன. அவை நம்மிடம் உள்ள அமானிதம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை திறக்கு முன், கால் மணி நேரம் ஒதுக்கி இரண்டு பூட்டுகளையும் மாற்றி விடுங்கள். செய்யத் தெரியாவிட்டால் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். கல்லாவுக்கு மேலே காகிதம் ஒட்டியிருந்தால் அதை இப்பொழுதே கிழித்து விடுங்கள்.