12 பாயின்ட் என்றால் எத்தனை பிக்சல்?

சிம்போசியம் நெருங்கினால் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் யாராவது ஒருத்தர் தலையில் போஸ்டர் வேலை விழும். லேப்டாப் ஸ்கிரீனில் பளிச்சென்று இருந்த டிசைன், ஏ3 தாளில் பிரின்ட் ஆகி வந்ததும் எழுத்தெல்லாம் மங்கலாகிப் போயிருக்கும். பழி கடைக்காரர் மேல் விழும். ஆனால் பல நேரம் தப்பு அளவுக் கணக்கில்தான் இருக்கும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே ஒரு விஷயத்தை மனசில் வைங்க: எந்த அலகை எந்த அலகாக மாற்றினாலும், நடுவில் இன்ச் வழியாகப் போங்க.

அச்சு அலகுகள்

1 இன்ச் = 25.4 மி.மீ = 72 பாயின்ட் = 6 பைக்கா

ஒரு பைக்காவுக்கு 12 பாயின்ட். அப்படியென்றால் 12 பாயின்ட் என்பது இன்ச்சில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4.23 மி.மீ. ஆனால் ஸ்கேல் வைத்து எழுத்தை அளந்தால் 4.23 வராது. ஏன்? பாயின்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல. ஈய அச்சு காலத்தில், எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையின் அளவு அது. இன்று கட்டை இல்லை, அதே அளவில் ஒரு கற்பனைப் பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது ஃபான்ட் செய்தவர் முடிவு. ஒரே 12 பாயின்ட்டில் ஒரு தமிழ் ஃபான்ட் பெருசாகவும் இன்னொன்று சிறுசாகவும் தெரிவது இதனால்தான்.

ஃபைனல் இயர் ரிப்போர்ட்டை லேடெக்கில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க அச்சகங்களின் பழைய கணக்கை ஒட்டி, டொனால்டு நூத் உருவாக்கிய டெக் மென்பொருள் இன்ச்சுக்கு 72.27 பாயின்ட் என்று வைத்துக்கொள்கிறது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் அதை முழு 72 ஆக்கியது. இன்றைய டிசைன் மென்பொருள்கள் பின்பற்றுவது இந்த 72-ஐத்தான். ஏ4 தாளின் உயரம் இதில் 841.89 பாயின்ட், டெக்கில் 845.05. லேடெக்கில் 72 கணக்கு வேண்டுமென்றால் 'பிடி'க்கு பதில் 'பிபி' என்ற அலகைக் கொடுங்க.

பிக்சலுக்கு நீளம் கிடையாது

பிக்சல் வெறும் எண்ணிக்கை. ஒரு இன்ச்சில் எத்தனை பிக்சல் என்று சொன்னால்தான் அதற்கு நீளம் வரும். அதைத்தான் டிபிஐ என்கிறோம் (கறாராகச் சொன்னால் பிபிஐ).

பிக்சல் = இன்ச் × டிபிஐ
எழுத்தின் பிக்சல் = பாயின்ட் ÷ 72 × டிபிஐ

கையில் பிடித்துப் படிக்கும் பிரின்ட்டுக்கு 300 டிபிஐ வழக்கம். ஏ3 தாள் 297 × 420 மி.மீ. 25.4-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்கினால் 3508 × 4961 பிக்சல். அதே ஏ3, 72 டிபிஐ-யில் வெறும் 842 × 1191.

இப்போது அந்த சின்ன ஃபைலில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு டிபிஐ-யை 300 என்று மாற்றினால்? பிக்சல் கூடாது. 842 ÷ 300 = 2.81 இன்ச். உங்கள் போஸ்டர் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிடும். ரீசாம்பிள் போட்டால் பிக்சல் கூடும், ஆனால் அது மென்பொருள் ஊகித்து நிரப்பியது. அதனால் முதல் கோடு போடும் முன்பே டிபிஐ-யை முடிவு பண்ணுங்க.

எழுத்துக்கும் இதே கதைதான். ஃபோட்டோஷாப்பில் 24 பாயின்ட் எழுத்து, 72 டிபிஐ ஃபைலில் 24 பிக்சல். 300 டிபிஐ ஃபைலில் 100 பிக்சல். தாளில் இரண்டும் ஒரே உயரம்தான்.

ஃப்ளெக்ஸ் பேனர் வேறு மாதிரி. 10 அடி அகலத்துக்கு 300 டிபிஐ போட்டால் 36,000 பிக்சல், லேப்டாப் திணறிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பதால் குறைந்த டிபிஐ போதும். எவ்வளவு வேண்டும் என்று கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்க.

வெப், ஆப்

சிஎஸ்எஸ்ஸில் 1 இன்ச் = 96 பிக்சல் என்று வரையறை. ஆகவே 1 பாயின்ட் = 1.33 பிக்சல், 12 பாயின்ட் = 16 பிக்சல். பிரவுசர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எழுத்தளவும் 16 பிக்சல்தான். 'ரெம்' என்பது அந்த அடிப்படை அளவின் மடங்கு: 1.5 ரெம் = 24 பிக்சல் = 18 பாயின்ட். பார்வை குறைந்த ஒருத்தர் பிரவுசர் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கினால் ரெம்மில் எழுதியது கூடவே வளரும். பிக்சலில் எழுதியது அப்படியே நிற்கும். காலேஜ் வெப்சைட் செய்பவர்கள் இதை மறக்காதீங்க.

ஆண்ட்ராய்டில் அடிப்படை 160 டிபிஐ. பிக்சல் = டிபி × டிபிஐ ÷ 160. 480 டிபிஐ போனில் 16 டிபி என்பது 48 பிக்சல். எழுத்துக்கு மட்டும் 'எஸ்பி' போடுங்க; பயனர் வைத்த எழுத்தளவை அது மதிக்கும்.

நீங்களே போட்டுப் பாருங்க

ஏடிஎம் கார்டு அளவில் (85.6 × 54 மி.மீ) ஐடி கார்டு, 300 டிபிஐ. எத்தனை பிக்சல்? வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மி.மீ கூட விட்டால்?

விடை: 1011 × 638. ஓரம் விட்டால் 1082 × 709.

கடைசியாக ஒன்று: கணக்கெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிடாதீங்க, பிக்சல் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்க.