"கண்டறியப்படவில்லை" என்றால் என்ன?

கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட பக்கமாகப் போனால் லூல்கந்துர தோட்டம் வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கியது அங்கேதான். நாம் தினமும் குடிக்கும் தேயிலையில் பீடைகொல்லி எச்சம் இருப்பதை எப்படி அறிகிறார்கள்? இரசாயனவியலில் நிறப்பதிவியல் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி இது.

முதற்படி பிரித்தெடுத்தல். அரைத்த தேயிலையை நீரில் ஊறவைத்து, அசற்றோநைத்திரைல் என்ற கரைப்பானுடன் குலுக்குவார்கள். மகனீசியம் சல்பேற்றும் கறியுப்பும் சேர்த்ததும் நீர்ப்படை வேறாகும். பல பீடைகொல்லிகள் கரைப்பானுக்குள் வந்துவிடும். கூடவே வரும் கஃபீன், நிறப்பொருள்கள் முதலியவற்றை உறிஞ்சும் தூள்களால் இயன்றவரை குறைப்பார்கள். குடிநீர் என்றால், ஒரு லீற்றர் நீரை உறிஞ்சுபொருள் நிரப்பிய சிறு குழாயினூடாகச் செலுத்தி, அதில் தங்கியதைச் சில மில்லிலீற்றர் கரைப்பானால் கழுவி எடுப்பார்கள்.

அடுத்தது நிறப்பதிவியல். நிரலினூடாகச் செல்லும்போது சேர்வைகள் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். திணிவு நிறமாலைமானி அவற்றின் மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் திணிவைப் பார்க்கும். அது கைரேகை போன்றது. செறிவு தெரிந்த நியமக் கரைசலோடு ஒப்பிட்டே அளவைச் சொல்வார்கள். ஆகவே எதைத் தேடுகிறோமோ அதுவே அகப்படும்.

நம் நாட்டின் அனுபவமே இதற்குச் சான்று. 2015இல் கிளைபோசேற்றுக் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. அதன்பின் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைகொல்லியின் எச்சம் நமது தேயிலையில் இருப்பதாக ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. அங்கு அப்போது அதற்கான எல்லை கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம்; அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு! 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேற்று மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இவ்விரண்டும் வழமையான முறைக்கு எளிதில் அகப்படுவதில்லை. கிளைபோசேற்று நீரை விட்டுக் கரைப்பானுக்குள் வராது. அதற்குத் தனிமுறை வேண்டும். எம்.சி.பி.ஏ. ஓர் அமிலம், சுத்திகரிக்கச் சேர்க்கும் அமைன் தூள் அதையும் பிடித்துக்கொள்ளும். கவனியாவிட்டால், எச்சம் இருந்தும் அறிக்கை "கண்டறியப்படவில்லை" என்றே சொல்லும்.

எனவே இனி அப்படியொரு அறிக்கையைக் கண்டால் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: எவற்றைத் தேடினார்கள்? எவ்வளவு சிறிய அளவுவரை தேடினார்கள்? உணவு ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்று கற்ற நமக்கு, இக்கேள்விகளும் கல்வியின் ஒரு பகுதியே.