மயானத் தொழிலும் மரபுரிமையும்

பிறந்தோர் யாவரும் ஒருநாள் இறத்தல் உறுதி என்பதை அறியாதார் இல்லை. ஆயினும், இறந்தாரை இறுதியிடம் சேர்ப்பிக்கும் தொழில் சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக ஆனது எவ்வாறு? அவ்வாறு உரியதாவது பெருமையா, சிறுமையா? இலண்டன், காசி, எங்கள் ஊராகிய வடக்கனந்தல் ஆகிய மூன்று இடங்களை ஒப்பிட்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

இலண்டன் குடும்பம்

மேனாட்டில் ஈமப்பணி பெரும்பாலும் தச்சுப் பட்டறையிலிருந்தே தோன்றியது. சவப்பெட்டி செய்து கொடுத்த தச்சர், காலப்போக்கில் வண்டியும் ஆளும் அமர்த்தி, அடக்கம் முழுவதையும் தாமே ஏற்று நடத்துபவர் ஆனார். இலண்டனில் உள்ள லெவர்ட்டன் நிறுவனம் பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தலைமுறை தலைமுறையாக அது ஒரே குடும்பத்தின் கையில் இருந்து வருகிறது. 1991 முதல் அரச குடும்பத்தின் ஈமப்பணி அவர்கள் பொறுப்பில் உள்ளது. 1997-இல் இளவரசி டயானா, 2022-இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் ஆகியோரின் இறுதிப் பணிகளில் ஈடுபட்டவர்கள் அவர்களே. நிறுவனத்தின் பெயரிலேயே 'மகன்கள்' என்ற சொல் இருக்கிறது. அங்கே மரபுரிமை பெயர்ப்பலகையில் எழுதத்தக்க பெருமை.

காசிக் குடும்பம்

காசியில் மணிகர்ணிகைத் துறையில் சிதைக்குத் தீ தருவோர் டோம் வகுப்பார். அவர்களின் தலைவருக்கு 'டோம் ராஜா' என்று பெயர். அரிச்சந்திரனை விலைக்கு வாங்கியவர் தம் முன்னோரே என்பது அவர்கள் மரபு. 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரதமரின் வேட்புமனுவை முன்மொழிந்தவர்களுள் ஒருவர் டோம் ராஜா ஜகதீஷ் சௌத்ரி. அவர் 2020-இல் மறைந்தார்; மறுஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பட்டம் அரசர் பட்டம்தான். ஆயினும் அவ்வகுப்பார் தீண்டாமையின் கொடுமையை நெடுங்காலம் அனுபவித்தவர்கள். அவர்கள் தரும் தீ வேண்டும்; அவர்கள் தொட்ட தண்ணீர் வேண்டாம் என்றது சமுதாயம்.

எங்கள் ஊர்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் உள்ளது வடக்கனந்தல். காசிக்கும் எங்கள் பகுதிக்கும் தொலைவு மிகுதி எனினும், கதை ஒன்றே. தமிழ்நாட்டுச் சுடுகாடுகள் பலவற்றின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல் நிற்கும். அங்கே பாடையை இறக்கி வைத்து, அவன் அனுமதி கேட்ட பிறகே உள்ளே செல்வர். வாய்க்கரிசி, முழத்துண்டு, கால்பணம் என்று அக்கதையில் வரும் கூலியே வெட்டியானின் கூலியாக வழங்கி வந்தது.

என் பாட்டனார் அந்தக் கல்லுக்கு அப்பால் உழைத்தவர். அவருக்கு அத்தொழில் அவர் தந்தையாரிடமிருந்து வந்தது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து போடும் நெல்லே ஆண்டுக் கூலி. அத்தொழிலில் எவ்வளவு நுட்பம் உண்டு என்பதை அவர் வாய்மொழியாகவே அறிந்தேன். வறட்டியை எவ்வளவு இடைவெளி விட்டு அடுக்குவது, வைக்கோல் மூடி மண் பூசும்போது காற்றுக்கு எங்கே துளை விடுவது, மழை நாளில் தீயை எப்படிக் காப்பது என்பன அவருக்கு மனப்பாடம். இரவெல்லாம் தனியே காவல் இருப்பார். ஒருமுறை அவர் சொன்னார்: "பொணம் யாரையும் தள்ளி நில்லுன்னு சொல்றதில்ல தம்பி. கூட வர்றவங்கதான் சொல்றாங்க."

சட்டம் கூறுவது

1895-ஆம் ஆண்டின் சென்னை மரபுவழிக் கிராமப் பதவிகள் சட்டம், கிராமப் பதவிகளில் வாரிசு முறைக்கு அரண் செய்தது. சுதந்திரத்திற்குப் பின், ஆந்திரத்துக் கிராம முன்சீப் பதவி ஒன்றைப் பற்றிய வழக்கில், வமிசாவளியைக் காட்டிப் பதவி பெறுவது அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு முரணானது என 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு முன்சீப், கர்ணம் பதவிகளையே ஒழித்தது. அதை எதிர்த்து அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர், 1982-இல் தோற்றனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கணக்கு எழுதும் வேலை பறிபோனதும் வழக்காடினர். ஆனால் சுடுகாட்டு வேலை எனக்கே வேண்டும் என்று எங்கள் ஊரில் எவரும் போட்டியிட்டதில்லை. உரிமை என்றால் அதற்குப் போட்டி இருக்கும். போட்டியே இல்லாத மரபுரிமை உரிமையன்று, சுமை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நஞ்சு கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. நான் படித்த செய்திகளில் இறந்தோரின் பெயர்கள் இருந்தன. சிதை அடுக்கியவர்களின் பெயர்கள் இல்லை.

முடிவுரை

ஈமப்பணி இழிந்த தொழிலன்று. 2014 முதல் சென்னை வேலங்காடு மயானத்தின் நிர்வாகத்தைப் பெண்கள் தாமே விரும்பி ஏற்று நடத்தியதை நாடு பாராட்டியது. இலண்டன் குடும்பத்துப் பிள்ளை வேறு தொழிலுக்குப் போக எண்ணினால் யார் தடுப்பர்? விரும்பினால் ஏற்கவும் விரும்பாவிடில் விலகவும் வழி இருக்கும் இடத்தில்தான் பரம்பரை பெருமையாகிறது.

என் தந்தையார் அத்தொழிலை விட்டு விலகினார். அதற்காக ஊரில் சிலர் அவரிடம் பேச்சை நிறுத்தினர். அவர் விலகியதால் நான் இன்று வரலாறு படிக்கிறேன். ஆயினும் பாட்டனாரின் தொழிலைக் கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். நண்பர்களே, நாளை உங்கள் ஊரில் ஒரு சாவு நேர்ந்தால், நெருப்பருகே கடைசி வரை நிற்பவரிடம் பெயரைக் கேளுங்கள். அவர் வரலாறு அப்பெயரிலிருந்து தொடங்கட்டும்.