ஆய்வுக்கூடம் முதல் ஆட்சிப்பீடம் வரை

அறிவியலாருள் சிலர் புதியன காண்பர். சிலர் நிறுவனங்களை வழிநடத்துவர். இரண்டிலும் சிறந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டு இனப்பெருக்க அறிவியலார் தெரசா உட்ரஃப். பிறர் கேட்கத் தவறிய வினாவைக் கேட்டதே அவர்தம் உயர்வுக்கு அடிப்படை என்பதை ஈண்டுக் காண்போம்.

கேட்கப்படாத வினா

1989இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற உட்ரஃப், பின்னர் அங்கேயே பேராசிரியராகிச் சூலக ஆய்வில் தோய்ந்தார். புற்றுநோய்க்குத் தரப்படும் கடும் மருந்துகளும் கதிர்வீச்சும் நோயை அழிப்பதோடு, சூலகத்திலுள்ள முட்டைகளையும் அழிக்கவல்லன. இதனால் உயிர் பிழைத்த இளம்பெண்கள் பலர் தாய்மைப் பேற்றை இழந்தனர். புற்றுநோய் மருத்துவர் உயிரைக் காப்பதிலேயே கருத்தூன்றினார். மகப்பேற்று மருத்துவரை அப்பெண் நாடுவதற்குள் காலம் கடந்துவிடும். இவ்விரு துறைகளுக்கும் இடையில் பாலம் அமைக்க முனைந்த உட்ரஃப், 2006இல் 'ஆன்கோஃபெர்ட்டிலிட்டி' என்னும் பெயரைப் படைத்தார். புற்றுநோய்சார் கருவளவியல் என நாம் அதனை வழங்கலாம். சிகிச்சை தொடங்குமுன்னரே முட்டையையோ சூலகத் திசுவையோ எடுத்து உறைநிலையில் காப்பது அதன் முதன்மையான வழிகளுள் ஒன்று. 2017இல் அவர்தம் குழுவினர் முப்பரிமாண அச்சுமுறையில் அமைத்த செயற்கைச் சூலகம் பொருத்தப்பட்ட எலிகள் குட்டிகளை ஈன்றன.

தலைமைப் பொறுப்பு

2020இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட் என்னும் கல்வித் தலைமைப் பதவியை ஏற்ற அவர், 2022இல் அதன் இடைக்காலத் தலைவரானார். 2023 பிப்ரவரி 13 அன்று அவ்வளாகத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் மாணவர் மூவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். ஆறாத் துயருற்ற அக்கல்விக் குடும்பத்தைத் தாங்கி நடத்தும் கடமை அவர்மேல் விழுந்தது. எனினும் நிலையான தலைமைப் பதவிக்குத் தாம் போட்டியிடவில்லை என அவ்வாண்டிலேயே அறிவித்து, 2024இல் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். 2025 சனவரியில் அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது.

நாம் பெறும் பாடம்

துறைகளின் எல்லைக்கோட்டில் நின்று நோக்குவோர்க்கே புதிய வினாக்கள் புலப்படுகின்றன. மாணவர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். பெரியோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இளம்பெண் ஒருத்திக்குப் புற்றுநோய் எனத் தெரியவரும்போது, நம் இல்லங்களில் நாணத்தாலும் அச்சத்தாலும் அவளுடைய எதிர்காலத் தாய்மை பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. சிகிச்சைக்குப் பின்னர்க் கேட்பதால் பெரும்பயன் விளையாது. மருத்துவரிடம் முன்னரே கேட்போம்.