மரபும் பழக்கமும்

திருவண்ணாமலைக் கோயிலின் வல்லாள மகாராசன் கோபுரத்தை அருணகிரிநாதரோடு இணைத்துப் பேசுவது வழக்கம். இளமையில் தீய வழியிற் சென்று உடல்நலமும் பொருளும் இழந்தவர், அக்கோபுரத்தின் மேலிருந்து வீழத் துணிந்தபோது முருகனால் ஆட்கொள்ளப்பெற்றார் என்பது செவிவழிச் செய்தி. அதனை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும், வழிதவறிய இளைஞன் மீளக்கூடும் என இவ்வூர் பல தலைமுறைகளாக நம்பி வந்துள்ளது என்பதை அது காட்டுகிறது.

இந்நம்பிக்கைக்கு மாறான பேச்சும் நம்மிடையே உண்டு. ‘அப்பன் குடிகாரன், பிள்ளை மட்டும் வேறு எப்படி இருப்பான்?’ என்பர். எத்தனையோ பிள்ளைகள் வகுப்பறையில் இச்சொல்லைச் சுமந்தபடி அமர்ந்திருக்கின்றனர். இதில் உண்மை எவ்வளவு?

1973இல் டொனால்டு குட்வின் குழுவினர், டென்மார்க்கில் பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோரைப் பிரிந்து, வேறு குடும்பங்களில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த ஆண்களை ஆராய்ந்தனர். பெற்றோருள் ஒருவர் குடிநோயாளியாக இருந்தவர்களில் 18 விழுக்காட்டினர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். ஏனையோரில் 5 விழுக்காட்டினரே அவ்வாறு ஆயினர். வளர்ந்த வீடு வேறாயினும் மரபின் தாக்கம் தொடர்வதை இது உணர்த்தியது. ஆனால், அதே கணக்கை மறுபுறமிருந்து படித்தல் வேண்டும். குடிநோயாளிக்குப் பிறந்தோரில் 82 விழுக்காட்டினர் அந்நோய்க்கு ஆளாகவில்லை! ஊரார் பேச்சு இவ்வெண்ணை ஒருபோதும் எண்ணிப் பார்ப்பதில்லை.

போதைக்கென்று தனியொரு மரபணு இல்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன; சில காக்கவும் செய்கின்றன. கிழக்காசிய மக்கள் பலரிடம் காணப்படும் ஒரு மரபணு வேறுபாடு, மது அருந்தியவுடன் முகச்சிவப்பையும் குமட்டலையும் உண்டாக்கிக் குடியிலிருந்து அவர்களை விலக்குகிறது.

மரபை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. தொடங்கும் வயது அத்தகையதன்று. அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியோரில் அது 10 விழுக்காடே. துடுக்கான இயல்புடையோர் முன்னதாகவே தொடங்குவதும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகலாம். மூளையின் வளர்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. இன்பத்தை நாடும் பகுதிகள் விடலைப் பருவத்திலேயே விழிப்புறுகின்றன. விளைவை எண்ணித் தடுக்கும் முன்மூளைப் பகுதியோ 25 வயதளவில்தான் முதிர்கிறது. தோழர் முன்னிலையில் ‘ஒருமுறைதானே’ என்னும் சொல் வலிமை பெறுவது இதனால்தான்.

நம் நாட்டு நிலையும் கவலைக்குரியது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வின்படி, முகர்ந்து மயங்கும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு. போதைப் பொருள்களுள் இஃதொன்றில்தான் சிறுவர் பெரியோரை விஞ்சுகின்றனர். மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பதே காரணம். 18 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறுவர்க்குப் போதைப்பொருள் கொடுப்போர்க்கு ஏழாண்டுவரை கடுங்காவல் விதிக்க 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இடமளிக்கிறது.

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் போதை மீட்புச் சிகிச்சைக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமன்றி அவர்தம் குடும்பத்தார்க்கும் தனியே அறிவுரை வழங்கப்படுகிறது. மருத்துவமனையை நாட இயலாதோர் 14446 என்னும் கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.