பினீசியரைப் பற்றிச் சொன்னவர்கள் யார்?

அன்புள்ள யாழினிக்கு,

பாடப்புத்தகத்தில் பினீசியருக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டாய். ‘எழுத்தைக் கண்டுபிடித்த வணிகர்கள்’ என்ற அந்த வரியிலும் பாதிதான் சரி. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் வழக்கம் அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே சினாய் தீபகற்பத்துப் பாறைகளில் தென்படுகிறது. பினீசியர் அதை 22 மெய்யெழுத்துகளாகச் சீராக்கிக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். அவற்றில் தங்களுக்கு உதவாத சிலவற்றைக் கிரேக்கர்கள் உயிரெழுத்தாக மாற்றிக்கொண்டார்கள். நீ ஆங்கிலம் எழுதும் எழுத்தும் அந்த வழியில் வந்ததே.

அவர்கள் வாழ்ந்தது பெரும்பாலும் இன்றைய லெபனான் கரையில். தீரு, சீதோன், பிப்லோஸ், அர்வாத் என்று ஊருக்கு ஓர் அரசன். எல்லோரையும் சேர்த்த பினீசிய நாடு என்று ஒன்று இருந்ததே இல்லை. கடல் நத்தையிலிருந்து அவர்கள் எடுத்த ஊதாச் சாயம் பேர்போனது. 1909-இல் ஒரு வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து எடுத்த சாயம் 1.4 கிராம்தான் என்றால் விலையை நீயே ஊகித்துக்கொள். கரைக்குப் பின்னால் மலையில் கேதுரு மரக்காடு. சாலொமோனின் ஆலயத்துக்கு மரம் அனுப்பியவன் தீருவின் அரசன் ஈராம் என்று விவிலியம் சொல்கிறது.

மர வியாபாரம் பற்றி எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஓர் எகிப்தியப் பாப்பிரஸ் சுருள். கதை நடப்பது கி.மு. 1075 வாக்கில். வெனாமுன் என்ற கோயில் அலுவலர் ஆமூன் தெய்வத்தின் படகுக்கு மரம் வாங்கப் பிப்லோஸ் வருகிறார். கொண்டுவந்த பொன்னும் வெள்ளியும் வழியிலேயே களவுபோய்விட்டன. துறைமுகத்தை விட்டுக் கிளம்பச் சொல்லி அரசன் சகர்பால் நாள்தோறும் ஆளனுப்புகிறான். ஒருவழியாகப் பேச உட்கார்ந்தபோது, வெனாமுன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி மரம் கேட்கிறார். அரசனோ முன்னோர் காலத்துப் பேரேடுகளை எடுத்துவரச் செய்து வாசித்துக் காட்டுகிறான்: எகிப்து எப்போதும் விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறது! பொன், வெள்ளி, 500 பாப்பிரஸ் சுருள், பருப்பு, மீன் எல்லாம் வந்து இறங்கிய பிறகே 300 ஆட்களும் 300 மாடுகளும் காட்டுக்குப் புறப்படுகிறார்கள்.

நடந்ததா புனைவா என்பது தனி விவாதம். எழுதியவர் எகிப்தியர் என்பதை மட்டும் மறந்துவிடாதே. கறாரான வியாபாரியை, வெறுங்கையோடு போனவர் பக்கம் நின்று காட்டும் கதை இது. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசியிலும் பினீசியர் ஏமாற்றுக்காரர்களாக, ஆள்கடத்துபவர்களாக வருகிறார்கள். அவர்களே எழுதிய சுருள்கள் ஈரக் காற்றில் மக்கிப்போயின, கல்வெட்டுகள்தான் மிச்சம். தீருவிலிருந்து போனவர்கள் நிறுவிய கார்த்தேஜை ரோமானியர் கி.மு. 146-இல் அழித்தார்கள். அங்கிருந்த நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாகோ என்பவர் எழுதிய 28 தொகுதி வேளாண் நூலை மட்டும் செனட் லத்தீனில் பெயர்க்கச் சொன்னது. விவசாயக் குறிப்பு வேண்டும், வரலாறு வேண்டாம்!

அதற்காக எதிரி சொன்னதெல்லாம் பொய் என்றும் முடிவுகட்டிவிடாதே. கார்த்தேஜில் குழந்தைகளைப் பலியிட்டார்கள் என்று கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எழுதினார்கள். தோண்டியபோது, எரிந்த சிசு எலும்புகளும் ஆட்டுக்குட்டி எலும்புகளும் அடங்கிய தாழிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. நேர்த்திக்கடன் செலுத்தியதைச் சொல்லும் கல்வெட்டுகளும் கூடவே இருந்தன. நோயில் இறந்த சிசுக்களின் இடுகாடுதான் அது என்போரும் உண்டு. கல்வெட்டுகளைப் பார்த்தால் பலி நடந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இனி உனக்கு ஒரு வேலை. எகிப்திய அரசன் நெக்கோ அனுப்பிய பினீசிய மாலுமிகள் செங்கடலில் புறப்பட்டு, ஆங்காங்கே கரையிறங்கி விதைத்து அறுத்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி மூன்றாம் ஆண்டு ஜிப்ரால்டர் வழியாக எகிப்து திரும்பியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். போகும்போது சூரியன் தங்கள் வலப்பக்கம் இருந்தது என்று மாலுமிகள் சொன்னார்களாம். இதை மட்டும் தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார் அவர். உலக உருண்டையை எடுத்து, ஆப்பிரிக்காவின் தென்முனையில் விரலை வைத்து மேற்கே நகர்த்து. அங்கே நண்பகல் சூரியன் எந்தப் பக்கம் தெரியும்? மாலுமிகளை நம்புவாயா, ஹெரோடோட்டஸையா? விடையை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் அத்தை