மடவையின் கால்வழி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து கிழக்கே செல்வோமானால், ஆலைகளின் காட்சி மெல்ல மறையும். பழவேற்காட்டு ஏரியின் பரந்த நீர்ப்பரப்புத் தோன்றும். நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன.

இவ்வேரியில் கிடைக்கும் மீன்களுள் ஒன்று மடவை. ஏரியில் வளர்வதால் இதனை ஏரி மீன் என்றே பலர் கருதுவர். ஆனால், இது பிறப்பது கடலில். வளர்ந்த மடவை முகத்துவாரத்தின் வழியே கடலுக்குச் சென்று முட்டையிடும். குஞ்சுகள் அவ்வழியே ஏரிக்குள் புகுந்து, இரை தேடி வளரும். எனவே, மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடுமாயின், ஏரிக்கு வரும் குஞ்சுகள் குறையும். வலைஞர் வீட்டில் வறுமை புகும்.

மடவையைப் பற்றிய மற்றொரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்துவதாகும். உலகின் வெப்பக் கடல்களில் எங்கும் வாழும் இம்மீனை ஒரே இனம் என்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணினர். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்வது மரபணு. அதனை ஆராய்ந்தபோது, உருவத்தால் ஒத்த மடவைகள் கால்வழியால் வேறுபட்டிருத்தல் தெரியவந்தது. தைவான் தீவை அடுத்த கடற்பகுதியில் வாழ்பவை ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்காத மூன்று வகையின என்று 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர்.

இவ்வறிவால் விளையும் பயன் யாது? உழவன் ஒருவன் இரண்டு குதிர்களின் நெல்லையும் ஒரே கணக்கில் எழுதி வருகிறான் என்று கொள்வோம். ஒரு குதிர் வெறுமையாவதை அக்கணக்கு அவனுக்குக் காட்டுமோ? காட்டாது. அதுபோலவே, வெவ்வேறு கால்வழி மீன்களை ஒன்றாக எண்ணினால், அவற்றுள் ஒன்று அழிவதை நாம் அறியமாட்டோம். அறியும்போது விதைநெல்லும் தீர்ந்திருக்கும்.

மீன்வளத்தைக் காக்கச் சட்டங்கள் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்பிரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. இது நன்றே. எனினும், மடவை முட்டையிடுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டியாகும். எல்லா மீனுக்கும் ஒரே விதி போதாது என்பது இதனால் விளங்கும். மேலும், மாநில எல்லையை மீன் அறியாது. ஆதலின், இரு மாநிலத்தாரும் கூடிக் காத்தல் வேண்டும்.

பழவேற்காட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் 'பாடு' என்னும் வழக்கம் உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே அது. வலியவன் எளியவனின் பங்கைப் பறியாதவாறு முன்னோர் வகுத்த நெறி அது. மனிதர்க்குள் நீதி செய்ய அவர்கள் வழி கண்டனர். மீனுக்கும், நாளை பிறக்கும் மக்களுக்கும் நீதி செய்யும் கடமை நம்முடையது. அதற்கு, மீனின் பிறப்பிடத்தையும் பருவத்தையும் கால்வழியையும் அறிதல் வேண்டும். அறிந்து காப்பவர்க்கே கடல் என்றும் வழங்கும்.